பானைக்குள்ள போட்ட அல்லேலூயா

கடவுள் மனுசனுக்கெல்லாம் மூளை பங்கு வச்ச அன்னிக்கி, மேலச்சந்தியாகுபுரத்துப் பாடகர் குழு பாட்டு பழகிக்கிட்டு இருந்துச்சாம். "இந்தா, இந்தப் பல்லவிய முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறோம்"னு சொல்லி அனுப்பிட்டாய்ங்க. பல்லவி இன்னும் முடியல.

குழுன்னா பெருசா நெனச்சுக்கிறாதீங்க. நாலே பேரு.

தலைவரு வியாகுலம். ரைஸ்மில்லுல மிசின் ஓட்டுறவரு. பகல் பூரா மிசின் போடுற சத்தத்துல அவரு பேசுறது ஒருத்தனுக்கும் கேக்காது. வீட்டுக்கு வந்தா சம்சாரத்துக்குக் கேக்கும், ஆனா அந்தம்மா காதுல போட்டுக்காது. மனுசன் வாயத் தொறந்தா நானூறு சனம் கம்முன்னு ஒக்காந்து கேக்குற எடம் ஒலகத்துலயே ஒண்ணுதான்: கோயில் வாசலுக்கு மேல இருக்குற பாட்டு மாடம். இருவத்தாறு வருசமா அங்கதான் அவரு உசுரு இருந்துச்சு. கொரல் எப்பிடின்னு கேக்குறீங்களா? வேணாம். தவக்காலத்துல யாரையும் கொற சொல்லக் கூடாது.

ரெண்டாவது எஸ்தாக்கி. கீபோர்டு. அந்தப் பொட்டிக்குள்ள நூத்தி இருவது தாளம் இருக்காம். இவனுக்கு ரெண்டு தெரியும். ஒண்ணு கல்யாணத்துக்கு, ஒண்ணு சாவுக்கு. எது எதுக்குன்னு மட்டும் இன்னும் முடிவாகல.

மூணாவது சலேத்மேரி. தையக்காரம்மா. கழுத்துல இஞ்சி டேப்பு மாலை மாதிரி எப்பவும் தொங்கும். அந்தம்மா உச்சத்துக்குப் போச்சுன்னா தெருவுல நாய்ங்க எந்திரிச்சு நின்னு பதில் பாட்டுப் பாடும்.

நாலாவது ஞானமணி. தபேலா வாசிப்பான், கோயில் மணியும் அவந்தான் அடிப்பான். ஞானம்ங்கிறது பேச்சுக்குப் பொருந்தலன்னு ஊரு அத வெட்டிட்டு, வெறும் 'மணி'ன்னுதான் கூப்புடும். இத மட்டும் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

அந்த வருசம் புதுசா வந்த பங்குச்சாமியாரு கஸ்பார் சாமி. பதினோரு வருசம் தத்துவம் படிச்சவரு. அவ்வளவு படிச்ச மனுசனுக்கு எதையும் நேராச் சொல்ல வராதுல்ல? தண்ணி வேணும்னாக்கூட "நெஞ்சுக்குள்ள பாலைவனம் விரியுது"ம்பாரு. அவரு சொன்னதுக்காக எஸ்தாக்கி ஒரு தடவ டாக்டரக் கூட்டிட்டு வந்துட்டான்.

சாம்பல் புதனுக்கு மொத நாளு சாயங்காலம் நாலு பேரையும் கூப்புட்டு ஒக்கார வச்சாரு.

"நாளைக்கித் தவக்காலம் தொடங்குது. இனிமே நாப்பது நாளைக்கி அல்லேலூயாங்கிற சத்தம் இந்தக் கோயில்ல கேக்கக் கூடாது. அத மூட்டை கட்டிப் பத்திரமா வச்சிருங்க. ஈஸ்டர் ராத்திரி தொறந்து விடுவோம். ஊரே அதிரணும்!"

"ஆகட்டும் சாமி"ன்னு எந்திரிச்சு வந்தாய்ங்க. வேப்ப மரத்தடியில கூட்டம் கூடுச்சு.

"சாக்கு யார் வீட்டுல இருக்கு?"ன்னாரு வியாகுலம். "மில்லுல கேட்டா நூறு கிலோ சாக்கு தருவாய்ங்க."

"சாக்கு ஆகாதுண்ணே," மணி யோசிச்சுச் சொன்னான். "சாக்குல கண்ணு கண்ணா ஓட்டை இருக்கும். 'அ' பெரிய எழுத்து, தங்கிரும். 'ல்' புள்ளி வச்ச எழுத்து. ஒழுகிப் போயிரும்."

இப்பிடி ஒரு ஆபத்து இருக்குறது வியாகுலத்துக்குத் தோணவே இல்ல. கொஞ்ச நேரம் மணிய மரியாதையாப் பாத்தாரு.

"எங்க வீட்டுல வாய் அகலமா ஒரு மண்பானை இருக்கு," சலேத்து சொல்லுச்சு. "அதுக்குள்ள பாடி, வாயத் துணியால கட்டி, மெழுக ஊத்தி அடைச்சிட்டா மூட்டையும் ஆச்சு, பத்திரமும் ஆச்சு."

"எத்தன போடணும்?"

"ஈஸ்டருக்கு மூணு."

"மூணு எப்பிடித்தா பத்தும்? அதுக்கடுத்த ஞாயிறு? அதுக்கும் அடுத்த ஞாயிறு? ஒரு பத்தாப் போட்டு வைப்போம்."

பானைய நடுவுல வச்சு, நாலு பேரும் சுத்தி நின்னு குனிஞ்சு, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பாடுனாய்ங்க. பத்தாவது பாடுறப்ப எஸ்தாக்கி அவசரப்பட்டு மூடிட்டான்.

"அடப்பாவி! 'அல்லே' உள்ள போச்சு, 'லூயா' வெளிய நின்னுருச்சேடா!"

"விடுண்ணே. கடைசி ஞாயித்துக்கிழமைக்கி அரை போதும். அன்னிக்கி சனம் கம்மி."

மெழுகு ஊத்தப் போறப்ப சலேத்துக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. "நாப்பது நாளு. கெட்டுப் போகாதா?"

"உப்பு போடுவமா?"ன்னான் எஸ்தாக்கி.

"ஏன், ஊறுகாயா போடுற? கொரல் கரகரன்னு ஆயிரும்யா. பட்டுச்சேலைக்கு நான் அந்துருண்டைதான் போடுவேன். பூச்சி அண்டாது."

எட்டு அந்துருண்டைய உள்ள போட்டாய்ங்க. மெழுகு ஊத்துனாய்ங்க. பாட்டு மாடத்து மூலையில பானைய வச்சு, பெரிய வேல பாத்த களைப்புல வீட்டுக்குப் போயிட்டாய்ங்க.

தவக்காலத்து மொத ஞாயிறு. பூசைக்கு முன்னாடி சாமி சொன்னாரு: "வியாகுலம், நீ எப்பவும் உச்சத்துலயே நிக்கிற. இது துக்க காலம். எறக்கிப் பாடு. நான் பீடத்துல இருந்து கைய இப்பிடிக் கீழ காட்டுனா, இன்னும் எறக்கணும்னு அர்த்தம்."

பூசை ஆரம்பிச்சுச்சு. வியாகுலம் வழக்கம்போல மில்லு மிசினத் தாண்டிக் கேக்குற மாதிரிப் பாடுனாரு. சாமி கையக் கீழ காட்டுனாரு.

"எறங்கச் சொல்றாரு"ன்னாரு வியாகுலம்.

பன்னெண்டு படி. எஸ்தாக்கி கீபோர்டத் தலையில வச்சுக்கிட்டு எறங்குனான். கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னு பாட்ட விட்ட எடத்துல இருந்து புடிச்சாய்ங்க. சாமி மறுபடி கையக் கீழ காட்டுனாரு. ஒக்காந்தாய்ங்க. மறுபடி காட்டுனாரு. படுத்தாய்ங்க. சாமி மொகம் செவந்து போச்சு. ரெண்டு கையாலயும் கீழ, கீழன்னு காட்டுனாரு.

"இதுக்குக் கீழ தரை எடம் குடுக்கலயேப்பா," மல்லாக்கப் படுத்துக்கிட்டே கேட்டாரு வியாகுலம். "என்ன செய்ய?"

"வெளிய படி வச்ச கெணறு இருக்குண்ணே," மணி சொன்னான். "தண்ணி கூட வத்திப் போச்சு."

காணிக்கைப் பாட்டுக்கு சாமி மாடத்த அண்ணாந்து பாக்குறாரு, அங்க யாரையும் காணோம். சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. அப்ப பூமிக்கு அடியில இருந்து, ரொம்ப தூரத்துல, நாலு கொரல் மெல்ல எந்திரிச்சு வருது.

முன் வரிசையில இருந்த ஒரு அம்மா தொப்புன்னு மண்டி போட்டுச்சு. "உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாங்க பாடுதுக சாமி! செத்துப்போன எங்க வீட்டுக்காரர் கொரல் தனியாக் கேக்குது எனக்கு!"

அன்னிக்கி பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ன வரிசை கோயில ரெண்டு சுத்து சுத்துச்சு. அந்த ஊருல அத்தன பாவம் இருந்தது சாமிக்கே அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. ஆனா அவருக்கு அது சந்தோசமா இல்ல. வரிசை முடிஞ்சதும் நாலு பேரையும் கூப்புட்டாரு. கையில குட்டியா, வெரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவ்.

"இது என்னன்னு தெரியுதா வியாகுலம்? இதுக்குள்ள முந்நூறு பாட்டு இருக்கு. சுருதி தப்பாது. கெணத்துல எறங்காது. ஈஸ்டருக்கு ஆண்டவர் நம்ம கோயிலுக்கு வர்றாரு..."

"வருசா வருசம் ஈஸ்டருக்கு ஆண்டவர் உயிர்த்து வர்றதுதான சாமி?"ன்னான் எஸ்தாக்கி.

"ஆயர் ஆண்டவர்யா! பிஷப்பு!" சாமி கண்ண மூடி மூணு எண்ணுனாரு. "அவரு முன்னாடி அல்லேலூயா மட்டும் சரியா வரலைன்னா, மறுநாள்ல இருந்து மாடத்துல நீங்க கெடையாது. இதுதான் பாடும். நீங்க கீழ எல்லாரோடயும் ஒக்காந்து பூசை பாக்கலாம்."

வியாகுலம் வெளிய வந்து அந்த மாடத்த அண்ணாந்து பாத்தாரு. கீழ, ஒரு பெஞ்சுல, சம்சாரத்துக்குப் பக்கத்துல, வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்குற மாதிரி நெனச்சுப் பாத்தாரு. வேப்ப மரத்தடியில போயி ஒக்காந்துட்டாரு.

"முந்நூறு பாட்டு அம்புட்டுக்காணு சாமானுக்குள்ள எப்பிடிண்ணே போட்டுருப்பாய்ங்க?" மணி கேட்டான்.

"நம்ம பானை மாதிரிதான். என்ன, அவய்ங்க சின்னப் பானையா வாங்கியிருக்காய்ங்க."

"நம்ம பானை இருக்குற வரைக்கும் ஏண்ணே பயப்புடுறீங்க?"ன்னு சலேத்து தேத்துச்சு. "பத்து உருப்படி முழுசா இருக்கு."

"ஒம்பதர," வியாகுலம் திருத்துனாரு. பொய் சொல்ல மாட்டாரு மனுசன்.

அதுல இருந்து சாமி சொல்றத ஒரு எழுத்து பிசகாமக் கேக்குறதுன்னு முடிவு பண்ணுனாய்ங்க. வெள்ளிக்கெழம சிலுவைப்பாதை. "பாட்ட இழுக்காதீங்கய்யா, ஒரு ஸ்தலத்துக்கு ரெண்டு அடி பாடிட்டு நகருங்க"ன்னாரு சாமி. சலேத்து கழுத்துல இருந்து டேப்ப எடுத்துச்சு. ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் தரையில சரியா ரெண்டு அடி அளந்து, கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நகந்தாய்ங்க. பதினாலாம் ஸ்தலத்துல ஆண்டவர அடக்கம் பண்ணி சனமெல்லாம் கண்ணத் தொடைக்குது. குழு இருவத்தெட்டு அடி தாண்டி, இன்னும் ஆறாம் ஸ்தலத்து வெரோணிக்கம்மாளுக்குப் பக்கத்துல நின்னு பாடிக்கிட்டு இருக்கு.

கோயில்ல இருக்குற புனிதர் சுருவங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போத்துன வாரம், பானைக்கும் ஒரு துணி போத்துனாய்ங்க. மறுநாளு அதுக்கு முன்னாடி யாரோ நாலு மெழுகுதிரி ஏத்தி வச்சுட்டுப் போயிருந்தாய்ங்க. உள்ள எந்தப் புனிதர் இருக்காருன்னு தெரியாட்டியும் கேக்குறதக் கேட்டு வைப்போம்னு நெனச்சிருப்பாய்ங்க.

பெரிய வியாழன் வந்துச்சு. அன்னிக்கி பூசையில வானவர் கீதம் பாடுறப்ப மணி அடிச்சா, அதுக்கப்புறம் சனிக்கெழம ராத்திரி அதே பாட்டு வர்ற வரைக்கும் மணிச் சத்தம் கேக்கக் கூடாது. அது கோயில் மொற. சாமி வெளக்கமாவே சொன்னாரு. "பாட்டு முடிஞ்ச ஒடனே மணியக் கயிறு போட்டுக் கட்டிருங்க. காத்துல கூட அசையக் கூடாது. நாக்குல நல்லாத் துணியச் சுத்திருங்க. முணுக்குன்னு ஒரு சத்தம் வரக் கூடாது."

நாலு பேரும் மாடத்துல நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்தாய்ங்க. அப்பறம் மூணு பேரு மணியப் பாத்தாய்ங்க.

"சாமி ஒன் மேல என்னடா கோவமா இருக்காரு?"ன்னாரு வியாகுலம்.

"தெரியலண்ணே," மணி தலையச் சொறிஞ்சான். "போன மாசம் பிரசங்கத்துல குறட்டை விட்டுட்டேன். அதுவாத்தான் இருக்கும்." ரெண்டு கையையும் சேத்து நீட்டுனான். "கட்டுங்க. தவக்காலத்துல இதுகூடத் தாங்கலன்னா எப்பிடி?"

பாட்டு முடிஞ்சதும் மாடத்துத் தூணுல மணியச் சாச்சு, கெணத்துக் கயிறால ஏழு சுத்து சுத்துனாய்ங்க. நாக்க நீட்டச் சொல்லி, அதுல வெள்ளைத் துணியச் சுத்தி, மிச்சத்த வாய்க்குள்ள திணிச்சாய்ங்க. அவன் "ம்ம்"ன்னு தலையாட்டுனான். திருப்திங்கிற அர்த்தத்துல.

கீழ சாமி கேட்டாரு: "மணியக் கட்டியாச்சா?"

"ஆச்சு சாமி. ஏழு சுத்து."

"நாக்குல துணி?"

"அடிநாக்கு வரைக்கும் சுத்தியிருக்கோம் சாமி. ஆரம்பத்துல கொஞ்சம் கொமட்டுச்சு. இப்ப சத்தமே இல்ல."

சாமிக்கு ரெண்டாவது வாக்கியம் புரியல. ஆனா இவய்ங்க ஒரு வேலைய ஒழுங்காச் செஞ்சது அதுதான் மொத தடவங்கிறதால தோண்டிக் கேக்கல. மணி அடிக்கிறவனே கட்டுல கெடக்கையில கோயில் மணி எப்பிடிச் சத்தம் போடும்? ஊரே நிசப்தமாப் போச்சு.

பெரிய வெள்ளியன்னிக்கி மணியோட சம்சாரம் புருசனத் தேடிக்கிட்டு வந்துச்சு. விசயத்தச் சொன்னாய்ங்க. படியேறிப் போயி, தூணுல கட்டி வாயடைச்சுக் கெடக்குறவன மேலயும் கீழயும் பாத்துச்சு.

"பதினேழு வருசமா இதத்தான் நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்," கண்ணுல தண்ணியோட சொல்லுச்சு. "சாமியார் வந்து ஆறு மாசத்துல முடிச்சுட்டாரு. என்னமோ ஈஸ்டரோட அவுக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே அண்ணே?"

ஒருசந்தி நாளுங்கிறதால ஒரு வேளை மட்டும் துணிய எடுத்துக் கஞ்சி ஊத்திட்டு, மறுபடி சுத்தி வச்சுட்டுப் போயிருச்சு. போகும்போது ரெண்டு முடிச்ச இறுக்குச்சு.

சனிக்கெழம ராத்திரி. ஆயர் வந்துட்டாரு. கோயில் நெறைய சனம். சாமிக்கு வேர்த்து ஊத்துது. குழுவத் தனியாக் கூப்புட்டு வெரல மடக்குனாரு.

"ஒண்ணு. வானவர் கீதம் ஆரம்பிச்ச ஒடனே மணிய அவுத்து, பாட்டு முடியிற வரைக்கும் நிறுத்தாம அடிங்க. கை வலிச்சா ஆள் மாத்தி அடிங்க. ரெண்டு. நற்செய்திக்கு முன்னாடி அல்லேலூயா. மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் சுருதி ஒரு படி ஏறணும், ஒவ்வொண்ணுக்கும் சனம் திருப்பிப் பாடும். மூணு..." பென்டிரைவ எஸ்தாக்கி கையில வச்சாரு. "எங்கயாச்சும் பாட்டு நின்னு போச்சுன்னா நான் கண்ணக் காட்டுவேன். ஒடனே இதப் போட்டுரு. ஆம்பிளிஃபயர் ரெடியா இருக்கு."

பூசை நடந்துச்சு. மெழுகுதிரி, வாசகமெல்லாம் முடிஞ்சு, ஆயர் வானவர் கீதத்துக்குக் கைய விரிச்சாரு. வெளக்கெல்லாம் எரிஞ்சுது. சலேத்து மைக்குல பாட, மத்த ரெண்டு பேரும் மணிய அவுத்தாய்ங்க.

"சொன்னாரு சாமி," வியாகுலம் வருத்தமாச் சொன்னாரு. "பாட்டு முடியிற வரைக்கும் அடிக்கணுமாம்."

மணி வாய்லருந்து துணிய உருவிப் போட்டான். "அடிங்கண்ணே. சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூணு நாளா மணிக்குப் பதிலாத் தட்டிக்கிட்டு இருந்த மரக்கட்டை ஒண்ணு அங்க கெடந்துச்சு. எஸ்தாக்கி அத எடுத்து மொத அடி வச்சான். மணிக்கு அபிப்பிராயம் மாறிருச்சு.

"யாத்தே!"ன்னு ஒரே தாவு. எட்டுனது கோயில் மணிக்கயிறு. அதப் புடிச்சுத் தொங்குனான். மேல டாங்குன்னு மணி அடிச்சுச்சு. கயிறு அவன மேல தூக்குச்சு. கீழ வந்தான். கீழ எஸ்தாக்கி நின்னான். பளார். மறுபடி கயிறப் புடிச்சான். டாங். மேல போனான். கீழ வந்தான். கீழ இந்தத் தடவ வியாகுலம், ஆள் மாத்தி. பளார். டாங். பளார். டாங். பாட்டு முடியிற வரைக்கும் ஒரு நொடி நிக்கல. பக்கத்து ஊருல தூங்குனவனெல்லாம் எந்திரிச்சு ஒக்காந்துட்டான்.

"என்ன உற்சாகம்!"னு ஆயர் கஸ்பார் சாமி காதுல சொன்னாரு. சாமி தவக்காலத்துல மொத தடவையாச் சிரிச்சாரு.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கால் மணி நேரம். அல்லேலூயா வந்துருச்சு.

சனமெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு. மாடத்து விளிம்புல பானைய வச்சு, மைக்க அதுக்கு நேரா திருப்பி, வியாகுலம் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு மெழுகக் கீறுனாரு. துணிய எடுத்தாரு. நாலு பேரும் மரியாதையா ஒரு அடி பின்னால நகந்தாய்ங்க.

ஒண்ணும் வரல.

"தூங்குதோ?"ன்னு மெல்லக் கேட்டான் எஸ்தாக்கி.

"தட்டிப் பாரு."

தட்டுனான். டொக்குன்னுச்சு.

"சுருதி சேரலயே. அல்லேலூயா 'டொக்'குன்னா இருக்கும்?"

"அப்பவே சொன்னேன், உப்புப் போடுவம்னு."

"நீயே வாயால பாடிருண்ணே"ன்னான் மணி, முதுகத் தடவிக்கிட்டே.

"என்கிட்ட ஏதுடா? எல்லாத்தையும் உள்ள போட்டோம்ல? ஒண்ணு கூடக் கையில வச்சுக்கலயே!" வியாகுலம் வெறுங்கைய விரிச்சுக் காட்டுனாரு. கீழ நானூறு தலை அண்ணாந்து பாக்குது. ஆயர் பாக்குறாரு. இருவத்தாறு வருசம் கண்ணு முன்னால பெஞ்சுல போயி ஒக்காருது.

பீடத்துல இருந்து கஸ்பார் சாமி கண்ண உருட்டுனாரு. "போடு!"ன்னு வாய அசைச்சாரு. "போட்டுரு!"

எஸ்தாக்கி பென்டிரைவ எடுத்தான். போட்டான். பானைக்குள்ள.

'கிளிங்'குன்னுச்சு.

"சத்தம் வருதுண்ணே!"

வியாகுலத்துக்கு உசுரு திரும்பிருச்சு. "நகருங்கடா"ன்னு பானை வாய்ல காத வச்சாரு. கேக்கல. மொகத்த வச்சாரு. இருட்டா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம்னு தலைய உள்ள விட்டாரு. காது ரெண்டும் மடங்கி, 'டபக்'குன்னு தலை உள்ள போயிருச்சு. உள்ள நாப்பத்தாறு நாளா ஊறுன எட்டு அந்துருண்டை வாசன. கண்ணு எரியுது, மூக்கு எரியுது, மூச்சு முட்டுது. பானையோட நிமிந்து மைக்குக்கு நேரா கத்துனாரு:

"தலெ... இழுய்யா!"

பானைக்குள்ள உருண்டு, மைக்குல ஏறி, நாலு பொட்டி ஸ்பீக்கர்ல அது வெளிய வந்தப்ப சனத்துக்குக் கேட்டது இதுதான்: "அல்லே... லூயா!"

நாப்பது நாளா அடக்கி வச்ச சனம். விடுமா? "அல்லேலூயா!"ன்னு கூரை அதிரத் திருப்பிப் பாடுச்சு.

எஸ்தாக்கியும் சலேத்தும் பானைய ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தாய்ங்க. தலை வரல, கழுத்து நீண்டுச்சு. வலியில கொரல் ஒரு படி ஏறுச்சு.

"தலெ... இழுய்யாஆ!"

"அல்லேலூயா!" ஊரே பாடுச்சு.

இப்ப மணி வந்தான். மூணு நாளு கட்டு, ஒரு பாட்டு நீளத்துக்கு அடி. சலேத்த ஓரமா நகத்திட்டு, ரெண்டு கையாலயும் பானைய அணைச்சு, காலத் தூக்கி வியாகுலத்தோட தோள்ல ஊனி, பிரியமா ஒரு இழு இழுத்தான்.

வியாகுலம் பொறந்ததுல இருந்து தொடாத சுருதி ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்கித் தொட்டாரு.

"தலெஏஏ... இழுய்யாஆஆஆ!"

"அல்லேலூயாஆஆ!"

தெரு நாய்ங்க மொதக்கொண்டு எந்திரிச்சு நின்னுச்சு.

ஆயர் கண்ணாடியக் கழட்டி, கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு படி. கொரல்ல எவ்வளவு உண்மை! கஸ்பார், இந்த மனுசன நான் பாக்கணும்."

பூசை முடிஞ்சு மாடத்துக்கு ஏறி வந்தாரு. மணி ஒரு கண்ணு வீங்கி நிக்கிறான். எஸ்தாக்கி கையில கட்டை. நடுவுல ஜிப்பா போட்ட ஒரு ஒடம்பு, அதுக்கு மேல ஒரு பானை.

கஸ்பார் சாமி சொவத்தப் புடிச்சுக்கிட்டாரு.

ஆயர் கிட்ட வந்து பானைய ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. அப்பறம் தழுதழுத்துச் சொன்னாரு: "இப்பிடியும் ஒரு தாழ்ச்சியா! பாடுற மொகத்த நாலு பேரு பாத்துப் புகழக் கூடாதுன்னு மறைச்சுக்கிட்டாருல்ல?" பானை மேல கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுனாரு. "கஸ்பார், இவங்கள ஒருநாளும் மாடத்த விட்டு எறக்காதீங்க. இந்த அல்லேலூயாவ இப்பிடியே காப்பாத்தணும்."

பானைக்குள்ள இருந்து, "ஆகட்டும் ஆண்டவரே"ன்னு ஒரு கொரல் வந்துச்சு. அழுதுக்கிட்டு இருந்தாரு மனுசன். சந்தோசமா அந்துருண்டையான்னு சொல்ல முடியாது.

ஆயர் கார் கெளம்பினதும் சாமி ஓடி வந்தாரு. "என் பென்டிரைவ் எங்கய்யா?"

"போடச் சொன்னீங்க, போட்டுட்டோம் சாமி." வியாகுலம் தலைய ஆட்டிக் காமிச்சாரு. உள்ள 'கிலுக் கிலுக்'குன்னுச்சு.

"உடைங்கய்யா அந்தப் பானைய!"

நாலு பேரும், அதாவது மூணு பேரும் ஒரு பானையும், அதிர்ச்சியாச் சாமியப் பாத்தாய்ங்க.

"ஆயர் ஆண்டவர் இப்பத்தான் இப்பிடியே காப்பாத்தச் சொல்லிட்டுப் போறாரு," சலேத்து சொல்லுச்சு. "பிஷப்பு பேச்ச மீறச் சொல்றீங்களா சாமி?"

"உடைச்சா மிச்சம் இருக்குறது எல்லாம் போயிருமே சாமி"ன்னான் எஸ்தாக்கி. "மூணுதான செலவாச்சு? இன்னும் ஆறர உள்ள இருக்கு."

பானைய யாரும் உடைக்கல. வியாகுலத்துக்குத் தாடைக்கிட்ட ரெண்டு வெரல் எடம் இருந்துச்சு. அது வழியா இட்டிலியும் காத்தும் போச்சு. அப்பிடியே மில்லுக்குப் போனாரு, அப்பிடியே பாடுனாரு, அப்பிடியே தூங்குனாரு. வீட்டுல சம்சாரமும் ஒண்ணும் சொல்லல. அவரு பேசுறது இப்ப அந்தம்மாவுக்கும் சுத்தமாக் கேக்கல, அந்தம்மா பேசுறது அவருக்கும் கேக்கல. ஊருல அவ்வளவு அந்நியோன்யமான குடும்பம் வேற இல்லன்னு ஆயிப் போச்சு.

வருசம் ஓடிப் போச்சு. மறுபடி சாம்பல் புதனுக்கு மொத நாளு. கஸ்பார் சாமி ஒரு வருசத்துல எத்தனையோ கத்துக்கிட்டாரு, ஆனா பதினோரு வருசத் தத்துவம் லேசுல போகுமா? பழக்க தோசத்துல வாய்ல வந்துருச்சு: "நாளைக்கித் தவக்காலம். அல்லேலூயாவ மூட்டை கட்டி..."

சொல்லி முடிக்கல. எல்லாரும் மெதுவாத் திரும்பி வியாகுலத்தப் பாத்தாய்ங்க.

எஸ்தாக்கி ஓடிப் போயி மில்லுல இருந்து நூறு கிலோ சாக்கு ஒண்ணு கொண்டாந்தான். சலேத்து அளவெடுத்துச்சு. கயிறு மணி வீட்டுலயே இருந்துச்சு. அவன் அத ஒரு வருசமா எண்ணெ போட்டுப் பாதுகாத்து வச்சிருந்தான். நாக்குக்குத் துணியும் கொண்டாந்திருந்தான், கேக்காமலே.

"வேணாம்யா! நான் சொன்ன அர்த்தம் அது இல்லய்யா!"ன்னு சாமி கத்திக்கிட்டே ஓடி வர்றாரு. அதுக்குள்ள சாக்கு வாய சுருட்டி மணி அஞ்சாவது முடிச்சுப் போட்டுட்டான்.

உள்ள இருந்து, சாக்கையும் பானையையும் தாண்டி, கவலையா ஒரு கொரல் மட்டும் வந்துச்சு:

"இன்னொரு முடிச்சுப் போடுடா மணி. 'ல்' ஒழுகுது."